அம்பயருக்குக் காது டெஸ்ட்டாம்

காலையில இருந்து எனக்கு ஒரே குமட்டலா இருக்குதுங்க. சாப்பாட்டுனால இல்ல, மனுசங்களால. உக்காருங்க, உக்காருங்க, பையை நான் மடியில வெச்சுக்கறேன். பொள்ளாச்சி வரைக்குமா? நான் கிணத்துக்கடவுல எறங்கிக்குவேன். என்ன சொன்னீங்க? சித்தெ இருங்க, நான் சன்னலோரம் தள்ளிக்கறேன், நீங்க இந்தக் கையிப் பக்கம் வாங்க. பஸ்ஸுங்களா இது, தகர டப்பா. பக்கத்துல இருக்கறவங்க பேசறதுகூட வெளங்க மாட்டேங்குது. ஆங், இப்பச் சொல்லுங்க.

வாத்தியார் இல்லீங்க. இந்த வெள்ளைச் சட்டையப் பாத்துட்டு எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. நான் அம்பயருங்க. கிரிக்கெட் அம்பயர். பேரு வெள்ளியங்கிரி. டீவில வர்றாங்களே, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு, அந்த மாதிரி இல்ல. மில்லு டீமு, பம்பு கம்பெனி டீமு, பேங்க்கு டீமுன்னு ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா ஆடறாங்க பாருங்க, மூணாவது டிவிஷன் லீக், அதுக்கு நிக்கறவங்க நாங்க. பொழப்பு வேற இருக்கும். ஒருத்தர் போஸ்ட் ஆபீஸு, ஒருத்தர் மாவு மில்லு. நான் ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸு. முப்பது வருசம் அந்த மிசினுங்க நடுவுலயே நின்னு காலம் போச்சு. ரிட்டயர்டு ஆயி வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நாளைக்கு அந்த எரைச்சல் காதுக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சுன்னா பாத்துக்கங்க. இப்ப இல்ல. இப்ப எல்லாம் நல்ல அமைதியா இருக்குது.

சொல்றதக் கேளுங்க. இந்த அம்பயர் உத்தியோகத்துக்கு அறுபது வயசு வரைக்குந்தான். எனக்கு வர்ற மாசம் அறுபது. இந்த சீசனோட சரி. எனக்கு வேணுங்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. ஒரு ஃபைனல். லீக் ஃபைனல்ல ஒருக்கா நடுவுல நின்னுட்டு வந்தரோணும். இத்தனை வருசமா செமிஃபைனல் வரைக்கும் விடுவாங்க. ஃபைனல்னு வந்தா வெள்ளியங்கிரி ரிசர்வு. ரிசர்வுன்னா தெரியுங்களா? பவுண்டரிக்கு வெளிய பிளாஸ்டிக் சேர்ல, தண்ணி பாட்டிலும் புதுப் பந்து டப்பாவும் வெச்சுக்கிட்டு, உள்ள நிக்கறவனுக்கு வயித்தால போகுமான்னு பாத்துட்டு உக்காந்திருக்கறது. ஒருத்தனுக்கும் போனதில்லீங்க.

நான் நல்ல அம்பயர்தானான்னு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, கேட்டதாவே வெச்சுக்கலாம். அதுதான் இப்ப விசயமே.

நான் நிக்க ஆரம்பிச்ச காலத்துல ஒரு மேட்ச் விடாமத் திட்டு வாங்குவேன். ஸ்லிப்புல நிக்கறவன் வாய்க்குள்ளயே திட்டுவான். விக்கெட் கீப்பர் என்ற சாதி சனத்தையே இழுப்பான். ஒருக்கா சிங்காநல்லூர்ல என்ற வண்டிக்கு ரெண்டு சக்கரத்துலயும் காத்தைப் புடுங்கி விட்டுட்டானுங்க, பீளமேடு வரைக்கும் தள்ளிட்டே வந்தேன். அப்பறம் கொஞ்சங்கொஞ்சமாத் திட்டு கொறைஞ்சுது. வருசத்துக்கு வருசம் கொறையுது. இந்த நாலஞ்சு வருசமா ஒருத்தன் வாயைத் தொறந்து என்னை ஒரு வார்த்தை சொல்றதில்லீங்க. கிரவுண்டே அடங்கிக் கெடக்குது. நான் அவுட் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, அவனவன் பேசாம எடத்துக்குப் போறான். இதுக்கு மேல ஒரு சர்டிபிகேட் வேணுமா? ஆடறவன் வாயை மூடிட்டானா, அம்பயர் தேறிட்டான். அதுதான் என்ற கணக்கு.

பயிற்சியும் எடுக்கறனுங்க. சும்மா இருக்கறதில்ல. சனிக்கிழமை பொழுதோட பீரோ கண்ணாடி முன்னால நின்னு ஃபோர், சிக்ஸு, வைடு எல்லாம் காட்டிப் பாப்பேன். ஃபோருக்குக் கையை வீசறப்ப அரிசி தூத்தற மாதிரி வீசறானுங்க சில பேரு, பாக்கவே சகிக்காது. அதுக்கு ஒரு லட்சணம் இருக்குது. என்ற சம்சாரம் சரசு வந்து தோளைத் தொட்டுத்தான் சாப்பிடக் கூப்பிடுவா. முன்ன எல்லாம் சமையக்கட்டுல இருந்தே கத்துவாளுங்க, இப்ப வந்து தோளைத் தொடறா. வயசாக வயசாகப் பிரியம் எச்சாகுது அவளுக்கு.

இப்படி இருந்த மனுசனைத்தான் போன வருசம் அந்தப் பொதங்கெழமைக் கூட்டத்துல கொண்டு போயி உக்கார வெச்சானுங்க.

எங்க அம்பயர் கமிட்டிக்கு செகரட்டரி ஜோதிலிங்கம்னு ஒருத்தர். டவுன்ஹால் பக்கம் ஸ்போர்ட்ஸ் சாமான் கடை வெச்சிருக்கறாரு. கடைக்கு மேல ஒரு ரூமு. பேடும் பேட்டும் அடுக்கி வெச்சு நடுவுல கொஞ்சம் எடம். அங்க வாராவாரம் எல்லாரும் கூடோணுமாம். ஞாயித்துக்கிழமை மேட்ச்சை டீமுக்காரன் எவனாவது செல்போன்ல புடிச்சு வெச்சிருப்பானில்ல, அதை வாங்கி டீவில போடுவாங்களாம். போடறதுக்கு முன்னால, நின்ன அம்பயர் எந்திரிச்சு, தனக்கு எந்த முடிவுல மனசு உறுத்துதுன்னு தன் வாயால சொல்லோணுமாம். அப்பறம் படத்தைப் போட்டுப் பாத்து, எங்க நின்னிருக்கோணும், எங்க பாத்திருக்கோணும்னு பேசறது. இப்படிச் செஞ்சா அம்பயருங்க முன்னேறுவாங்களாம். ஜோதிலிங்கம் எங்கயோ படிச்சிருக்கறாரு.

எனக்குக் கேட்டதுமே அருவருப்பா இருந்துச்சுங்க. பொண்டாட்டிகிட்டச் சொல்ல வேண்டியத ஊர்ச்சாவடியில சொல்ற மாதிரி. ஒவ்வொருத்தனும் எந்திரிச்சு, 'அந்த எல்பி எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க', 'அந்த நோபாலை விட்டுட்டனுங்க'ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்றான். மத்தவனுங்க பக்கோடா தின்னுக்கிட்டே கேக்கறானுங்க. மில்லுல ஒரு ஃபிட்டரு போயி சூப்பர்வைசர்கிட்ட, 'ஐயா, இந்த பெல்ட்டை நான் தப்பா மாட்டிட்டனுங்க'ன்னு வாரத்துக்கு ஒருக்காச் சொன்னா அவன வேலைக்கு வெச்சிருப்பாங்களா? அம்பயருன்னா ஒரு கெத்து வேண்டாமா?

அதுலயும் அந்த அமுதவல்லி டீச்சரு இருக்குதே. பி.டி. டீச்சருங்க, மலுமிச்சம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல. அம்பயரா வந்து நாலு வருசம் இருக்கும். என்ற புள்ளை வயசு. அது எந்திரிச்சா ஒண்ணு ரெண்டு இல்லீங்க, தப்பை அள்ளிக் கொட்டும். ஸ்டம்பிங்குக்குக் கோட்டுல நிக்காம ரெண்டடி தள்ளி நின்னுட்டேன், பேட்ஸ்மேன் மறைச்சுட்டான்னு சொல்லும். சொன்னதோட விடாது. வெடியால ஸ்கூல் கிரவுண்டுல நாலு குச்சிய நட்டு, புள்ளைங்கள ஓட விட்டு, எங்க நின்னா கோடு நல்லாத் தெரியுதுன்னு நின்னு நின்னு பாத்துட்டு அடுத்த வாரம் வந்து அதையும் சொல்லும். ஜோதிலிங்கம் அதைப் பாத்துப் பூரிச்சுப் போவாரு. இவ்வளவு தப்புப் பண்றவங்களுக்கு எதுக்குங்க அம்பயர் வேலைன்னு ஒருத்தன் கேக்கலையே. நான் ஒரு தப்பும் சொல்றதில்ல. பண்ணாததை எப்படிச் சொல்றது? என்ற முறை வந்தா, 'எனக்கு உறுத்தல் ஒண்ணுமில்லீங்க'ன்னு உக்காந்துக்குவேன். ரூமே கம்முன்னு இருக்கும். மரியாதைதான்.

இன்னொண்ணு, அந்த டீச்சருக்குக் குரலே எழும்பாதுங்க. வாய் அசையும், வார்த்தை வராது. அது பேசறதப் பக்கத்துல இருக்கற போஸ்ட் ஆபீஸ்காரரு காதோரமாச் சொன்னாத்தான் எனக்கு வெளங்கும். இதை வெச்சுக்கிட்டு ஆயிரம் புள்ளைங்களுக்கு எப்படித்தான் டிரில் நடத்துதோ. அந்தக் கவர்மெண்டு ஸ்கூல் நெலமைய நெனச்சா வெசனமா இருக்குது.

சரி, செமிஃபைனலுக்கு வர்றேன். மூணு வாரத்துக்கு முன்னால. ஒரு மில்லு டீமு, ஒரு பம்பு கம்பெனி டீமு. நானும் டீச்சரும் நிக்கறோம். இதை நல்லா நின்னு குடுத்தா ஃபைனல் உங்களுக்குத்தான் வெள்ளியங்கிரின்னு ஜோதிலிங்கமே சொல்லியிருந்தாரு, அவரு கடை வாசல்லயே வெச்சு. அன்னைக்கே போயி நான் புதுத் தொப்பி வாங்கிட்டனுங்க. இந்தப் பையில இருக்குது பாருங்க. வெலைய சரசுகிட்டச் சொல்லல.

மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னால டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. காதோரம் வந்து, நல்லாச் சத்தமாவே சொல்லுச்சு, 'சார், பந்து மட்டையில பட்டுதான்னு உங்களுக்குச் சந்தேகமா இருந்தா என்னைப் பாருங்க. பட்டுருந்தா நான் தொப்பியத் தொடறேன். யாருக்கும் தெரியாது.' அம்பயருங்களுக்குள்ள இப்படிச் சைகை வெச்சுக்கறது உண்டுதானுங்க, இல்லைங்கல. பந்து தரையில பட்டு வந்துச்சா, நேரா வந்துச்சான்னு தூரத்துல நிக்கறவங்களுக்கு நல்லாத் தெரியும். ஆனா மட்டையில பட்ட சத்தத்தை நேரா நிக்கற எனக்கு, பக்கவாட்டுல அம்பது அடி தள்ளி நிக்கற இந்தம்மா சொல்லிக் குடுக்குதாம். குசும்பு பாத்தீங்களா. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், 'அம்மணி, உங்க தொப்பிய வெயிலுக்குப் போட்டுக்கங்க'ன்னு.

பம்பு கம்பெனி ரெண்டாவதா ஆடறாங்க. கடைசி விக்கெட்டுக்கு முந்தின விக்கெட். ஜெயிக்க இன்னும் கொஞ்ச ரன்னு வேணும். மில்லுக்காரன் ஒருத்தன், கட்டையான ஆளு, நல்லா வேகமாப் போடறான். பந்து ஆஃப் சைடு வெளிய போச்சு. பேட்ஸ்மேன் மட்டைய வீசினான். பந்து கீப்பர் கைக்குப் போயிருச்சு. உடனே பதினோரு பேரும் எம்பிக் குதிக்கறானுங்க. ஹோன்னு கத்தறானுங்க. அதெல்லாம் எனக்கு நல்லாக் கேக்குது. ஆனா மட்டையில பட்டிருந்தாத்தானே அவுட்டு, பட்ட சத்தம் இல்லையே. டிக்குனு ஒண்ணு வரோணுமில்ல? வரல. சுத்தமா இல்ல. ஒரு சந்தேகமும் இல்லாம நாட் அவுட்டுன்னு சொல்லிட்டேன்.

அந்த பேட்ஸ்மேன் என்ன பண்ணினான் தெரியுங்களா? மட்டையக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நாலு எட்டு நடந்துட்டான், வெளிய போறதுக்கு. அப்பறம் திரும்பி என்னைப் பாத்தான். நான் கல்லாட்டம் நிக்கறேன். பாத்துட்டு, மெதுவாத் திரும்பி வந்து நின்னுக்கிட்டான். அம்பயர் முடிவுக்கு அவ்வளவு மரியாதைங்க. டீச்சர் அந்தப் பக்கம் நின்னு தொப்பியத் தொட்டுட்டு இருக்குது. தொட்டுட்டு இல்ல, கழட்டி ஆட்டிட்டு இருக்குது. நான் பாக்கவே இல்ல. ஓரக்கண்ணுல தெரிஞ்சுது, ஆனாப் பாக்கல.

அப்பறம் அந்தக் கீப்பர் என்கிட்ட வந்தான். பல்லைக் காட்டிச் சிரிச்ச மூஞ்சியா நின்னு ரொம்ப நேரம் ஏதோ பேசினான். மெதுவா, அடக்கமா. நானும் தலையாட்டி, 'சரிப்பா, ஆட்டும்பா, சரிப்பா'ன்னேன். ஸ்லிப்புல நின்னவனுங்க எல்லாம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கறானுங்க. தோக்கற நெலமையிலயும் அவ்வளவு கலகலப்பு. டீச்சர் ஓடி வந்து அந்தக் கீப்பரைப் புடிச்சுத் தள்ளி, வெரலை நீட்டி என்னமோ சொல்லுச்சு. அவன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். நல்லாப் பேசிட்டிருந்த பையன். எனக்கு டீச்சர் மேல கோவந்தான் வந்துச்சு. இடைஞ்சல் பண்ணாம அவங்கவங்க எடத்துல நிக்கத் தெரியோணுமில்ல?

பம்பு கம்பெனி ஜெயிச்சுருச்சு. நான் நடுவுல நின்னு ரெண்டு கேப்டனுக்கும் கை குடுத்தேன். ஒரு திட்டு இல்ல. ஃபைனல் நமக்குத்தான்னு அன்னைக்கு நான் முடிவு பண்ணிட்டேன். சரசுகிட்டக்கூடச் சொல்லிட்டேன், அவ தோளைத் தொட்டுட்டுச் சமையக்கட்டுக்குப் போயிட்டா.

அந்தப் பொதங்கெழமை எனக்கு வாழ்க்கையில மறக்காது. வேண்டாத நாளு.

டீச்சர் எந்திரிச்சு, 'எனக்கு ஒரு உறுத்தல் இருக்குது'ன்னுச்சு. என்ன உறுத்தல்னா, 'சைகை காட்டினது பத்தாது, நான் ஆட்டத்த நிறுத்திட்டு சார்கிட்ட நடந்து போயிருக்கோணும், போகாதது என்ற தப்பு'ன்னு. பாருங்க, என்ற முடிவைத் தன் தப்புக் கணக்குல எழுதிக்குது. இதைவிட மட்டமா ஒருத்தர மட்டந்தட்ட முடியுங்களா? நாசூக்கு வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துருச்சு. 'போடுங்க படத்தை'ன்னு நானே சொன்னேன்.

போட்டாங்க. அந்தக் கட்டையன் ஓடி வர்றான், போடறான், மட்டை வருது, பந்து போகுது. அந்த நேரத்துல, சார், ரூமுல இருந்த அத்தனை பேரும் டீவிய விட்டுட்டுத் திரும்பி என்னைப் பாத்தானுங்க. ஒரே நேரத்துல. சொல்லி வெச்ச மாதிரி. போஸ்ட் ஆபீஸ்காரரு, மாவு மில்லுக்காரரு, எல்லாரும். டீ கொண்டாந்த ஆளு தட்டைப் புடிச்சுக்கிட்டுப் படியிலயே நின்னுட்டான், அவனும் பாக்கறான். எதுக்குடா எல்லாம் என்ற மூஞ்சியப் பாக்கறீங்கன்னேன். இன்னொருக்காப் போடுங்க, சவுண்டை ஏத்துங்கன்னேன். ஏத்தினாரு ஜோதிலிங்கம். ஹோன்னு கத்தறது கேக்குது. அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல. நான் சொன்னேன், 'பாத்தீங்களா, கத்தறது மட்டுந்தான் இருக்குது, டிக்குனு சத்தமே இல்லையே.' இப்ப எல்லாரும் கீழ பாக்கறானுங்க, பக்கோடாவப் பாக்கறானுங்க.

எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. முன்னாலயே பேசி வெச்சிருக்கறானுங்க. வெள்ளியங்கிரிக்கு ஃபைனல் போகக் கூடாது, டீச்சருக்குக் குடுத்தரோணும். அதுக்கு இந்தக் கூத்து. கூட நின்னவனுங்க, என்ற வீட்டுக் கல்யாணத்துல சாப்பிட்டவனுங்க.

ஜோதிலிங்கம் எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்து, என்ற கையப் புடிச்சுக்கிட்டு, 'வெள்ளியங்கிரி, ஃபைனல் உங்களுக்குன்னுதான் இருக்குது. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஆனா அதுக்கு முன்னால ஒருக்கா காது டெஸ்ட் பண்ணிட்டு வந்தருங்க'ன்னாரு. அம்பயருக்குக் காது டெஸ்ட்டாம். கண்ணு டெஸ்ட்டுன்னாக்கூடச் சரிங்கலாம். நான் சொன்னேன், 'முப்பது வருசம் மிசினுக்கு நடுவுல நின்னு எந்த பேரிங் தேஞ்சுதுன்னு சத்தத்த வெச்சே சொன்னவன் நானு.' அதுக்கு அந்த டீச்சர் கிட்ட வந்து நின்னு, 'எங்கப்பாவும் மில்லுலதாங்க சார் இருந்தாரு. அவருக்கும் அவராத் தெரியலீங்க. நாங்கதான் கண்டுபுடிச்சோம்'னுச்சு. கண்ணு கலங்கி நிக்குது. எனக்கு எதுக்குங்க அந்தப் பரிதாபம்? உங்கப்பாகிட்டக் காட்டுங்க உங்க பரிதாபத்தைன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். ஃபைனல் இருக்குதில்ல.

அதான் இன்னைக்குப் போனேன். காந்திபுரத்துல ஒரு காது டாக்டர். அந்த டீச்சர் லீவு போட்டுட்டுத் தொணைக்கு வந்துருச்சு. நான் கூப்பிடல. நான் பெயிலாகறத நேர்ல பாத்தாத்தான் அதுக்குத் தூக்கம் வரும் போல இருக்குதுன்னு விட்டுட்டேன்.

ஒரு சின்ன ரூமுங்க, சொவரெல்லாம் பஞ்சு மெத்தையாட்டம். உள்ள உக்கார வெச்சு ரெண்டு காதுக்கும் மாட்டி விட்டுட்டாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு, மிசினு முன்னால. மாட்டறதுக்கு முன்னாலயே சொல்லிருச்சு, 'சார், சத்தம் கேட்டா ஒரு விரலைத் தூக்குங்க.'

எனக்கு அப்பத்தாங்க அன்னைக்குப் பூராவும் இல்லாத ஒரு சந்தோசம். விரலைத் தூக்கோணுமாம். யாருகிட்டச் சொல்றா பாருங்க. நான் சாஞ்சு உக்காந்திருந்தவன் நிமுந்து உக்காந்தேன். அந்தப் பொண்ணு மறுபடியும் சொல்லுது, 'ரொம்பச் சின்னதாக் கேட்டாலும் தூக்குங்க சார். கேட்ட மாதிரி இருந்தாலே போதும்.' அதெப்படிம்மா தூக்கறது, கேட்ட மாதிரி இருந்தா? நெசமாக் கேட்டாத்தானே தூக்கலாம்? அம்பயர்னு இருந்தா அவனுக்கு முதப் பாடமே அதுதானுங்க. சந்தேகம்னு வந்துட்டா விரல் எந்திரிக்கக் கூடாது. ஆடறவனுக்குச் சாதகமா விட்டரோணும். ஒருத்தன் ஆட்டத்த முடிச்சு வெக்கற விரலுங்க இது, கொசு ஓட்டறதுக்கா இருக்குது?

ஆரம்பிச்சுட்டாங்க. மொதல்ல ஊம்முனு ஒண்ணு, மாட்டு வண்டி தூரத்துல போற மாதிரி. தெளிவா இருந்துச்சு. தூக்கினேன். எப்படித் தூக்கோணுமோ அப்படி, மொழங்கைய மடக்காம, மெதுவா. இன்னொண்ணு வந்துச்சு, அதுவும் தூக்கினேன். அப்பறம் ஒண்ணும் வரல. ரொம்ப நேரம் வரல. ஒருக்கா ஏதோ வந்த மாதிரி இருந்துச்சு. வந்துச்சா, நெனப்பா? சந்தேகம். விட்டுட்டேன். அந்தப் பொண்ணு என்னையே பாக்குது. எதையோ திருகுது, மறுபடியும் பாக்குது. நானும் பாக்கறேன். உள்ள வந்து, காதுல மாட்டினதக் கழட்டி, 'சார், விரலைத் தூக்க மறந்தறாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போகுது. இன்னொருக்கா வந்து அதையே சொல்லுது. அப்பீல் பண்றா, பாத்தீங்களா? பதினோரு பேரு குதிச்சே அசையாதவன் நானு, இந்தச் சின்னப் பொண்ணுக்கு அசைஞ்சுருவனா?

ஆனா ஒண்ணுங்க, சும்மா சொல்லக் கூடாது. அந்த ரூமுல அப்படியொரு அமைதி. கெணத்துக்கு அடியில உக்காந்த மாதிரி. அந்தப் பொண்ணோட கை மட்டும் அசைஞ்சுட்டே இருக்குது, ஒவ்வொரு தடவையும் என்ற மூஞ்சியப் பாக்குது, எனக்கு ஒண்ணுமே வரல. கொஞ்ச நேரத்துல எனக்கு உள்ளங்கை வேர்த்துருச்சு. எதுக்குன்னு தெரியல. பயமாட்டம் இருந்துச்சு. மிசினு கெட்டுப் போயிருச்சோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டு, விரலை மடக்கி மடியில இறுக்கி வெச்சுக்கிட்டேன், அதுபாட்டுக்கு எந்திரிச்சுறக் கூடாதுன்னு.

முடிஞ்சுது. கழட்டினாங்க. நான் கேட்டேன், 'ஏம்மா, சத்தம் இல்லாதப்ப நான் ஒருக்காவாவது தூக்கினனா?' அது முழிச்சுக்கிட்டு, தலைய இல்லைன்னு ஆட்டுச்சு. நல்லா வாயைத் தொறந்து சொல்லும்மான்னேன். 'இல்லீங்க சார்'னு கத்திச் சொல்லுச்சு. 'தூக்கின ரெண்டும் சரியா?' 'சரிதாங்க சார், அந்த ரெண்டும் சரிதான், ஆனா' அப்படின்னு இழுத்துச்சு. ஆனாவும் கீனாவும் எனக்கு எதுக்கு? ஒண்ணுகூடத் தப்பாத் தூக்கல. அந்தப் பொதங்கெழமைக் கூட்டத்துல எவனாவது எந்திரிச்சு இப்படி ஒரு வார்த்தை சொல்லட்டும் பாக்கலாம்.

நான் வெளிய வந்து செருப்பைத் தேடிட்டு இருக்கறேன். அந்தப் பொண்ணு டீச்சர்கிட்டப் போயி எதையோ மெதுவாச் சொல்லுது. டீச்சர் பெஞ்சுல அப்படியே உக்காந்து மூஞ்சிய மூடிக்கிட்டு அழுகுதுங்க. நடு ஆஸ்பத்திரியில. நாலு பேரு பாக்கறாங்க. ஃபைனல் கைய விட்டுப் போச்சுன்னு அழுகை. எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. கிட்டப் போயிச் சொன்னேன், 'அழுகாதீங்க அம்மணி. எனக்கு இது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த வருசத்துல இருந்து எல்லா ஃபைனலும் உங்களுக்குத்தான்.' பெருந்தன்மையாத்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் இன்னும் கேவிக் கேவி அழுகுது. ஒரு அம்பயரு இப்படியா? எனக்கு அருவருப்பாப் போச்சு, அங்கயே விட்டுட்டுப் பஸ் ஏற வந்துட்டனுங்க.